மலை இறங்கும் கால்கள்

சென்ற ஆண்டின் விடுமுறையில் நம் மாணவர் சிலரும் யானும் தருமபுரியை அடுத்த வத்தல்மலைக்குச் சென்று வந்தோம். மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமும் 24 கொண்டையூசி வளைவுகளும் உடையது அம்மலைப் பாதை. மேலே பெரியூர், பால்சிலம்பு முதலிய சிற்றூர்களில் மலையாளி என்னும் பெயருடைய பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். பெயர் மலையாளியாயினும் அவர்கள் பேசுவது தமிழே. சாமையும் கேழ்வரகும் விளைந்த மண்ணில் இப்பொழுது காப்பியும் மிளகும் செழித்திருக்கக் கண்டோம். ஏறும்போது மாணவர்கள் வளைவுதோறும் நின்று மூச்சு வாங்கினார்கள். இறங்கும்போதோ பாட்டும் நகையுமாக, குறுக்கு வழிகளில் குதித்தும் ஓடியும், ஒருவரையொருவர் முந்திக்கொண்டு இறங்கினார்கள். மறுநாட் காலையில் விடுதிப் படிக்கட்டிலே அவர்கள் நின்ற கோலம் காணத்தக்கதாயிருந்தது. தொடைகளைக் கையால் தாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக, எண்பது வயதுப் பெரியவர்களைப்போல் இறங்கி வந்தார்கள். அவர்களுள் ஒருவர், “ஐயா, ஏறினபோது வருந்தாத தொடை இறங்கினபின் வருந்துவது என்ன நியாயம்?” என்று வினவினார். விளையாட்டாகக் கேட்ட அவ்வினா என்னை விடாது பற்றிக்கொண்டது. அதற்கு விடை தேடப் புகுந்தவன், விடைக்கு அப்பால் ஒரு பெருந்துன்பத்தையும், அத்துன்பத்தின்மேல் நாம் நம் அறியாமையால் ஏற்றிவைக்கும் சில பாரங்களையும் கண்டேன். அவற்றைச் சொல்லவே இவ்வியாசம்.

முதலில் மாணவரின் வினா. மலை ஏறும்போது தொடையின் முன்புறத்துத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கின்றது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே வேலை செய்கின்றது. அஃதாவது, உடலின் பாரம் கீழ்நோக்கி விழாதபடி தடை போட்டுக்கொண்டே சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கின்றது. ஏறுவது இழுக்கும் வேலை. இறங்குவது பிடித்துக்கொண்டு விடும் வேலை. பின்னதில் மூச்சு வாங்குவதில்லை, களைப்பும் தோன்றுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு தசையிழையின்மேலும் விழும் இழுவிசை முன்னதைவிட மிகுதி. இழைகளிற் சில நுண்ணிய காயம் அடைகின்றன. மறுநாளும் அதன் மறுநாளும் வலிக்கின்றன. பின்னர் உடல் தானே பழுது பார்த்துக்கொள்கின்றது. வத்தல்மலை மக்களுக்கு அவ்வலி இல்லை. பழகின தசை அடுத்த இறக்கத்துக்குத் தன்னை ஆயத்தம் செய்து வைத்திருக்கின்றது. சாலை வருமுன் தலைச்சுமையோடு நடந்தே இறங்கிய கால்கள் அவை.

ஆனால், பழகப் பழக உரம் பெறுவதற்கு மாறாக, இறங்கும் ஒவ்வொரு படியிலும் தேய்ந்துபோகும் தசையோடு பிறக்கும் குழந்தைகளும் உலகில் உண்டு. ஆண் குழந்தைகளுள் ஏறத்தாழ 3500 முதல் 5000 பேருக்கு ஒருவர் என்று கணக்கிடப்படும் இந்நோய்க்கு டுஷென் தசைச் சிதைவு நோய் என்று பெயர். பிறக்கும்போது குழந்தையினிடம் யாதொரு குறையும் தோன்றாது. மூன்று, நான்கு வயதில் ஓட்டத்தில் பின்தங்கும், அடிக்கடி விழும், படியேறத் திண்டாடும். பன்னிரண்டு வயதளவில் நடை நின்றுபோகும். பின்னர் இளமைப் பருவத்திலேயே மூச்சுத் தசையும் இருதயமும் தளரும்.

இதை நோயாகக் கண்டு எழுதியவர்களுள் எட்வர்ட் மெரியன் என்னும் ஆங்கில வைத்தியரை நாம் மறந்துவிட்டோம். 1852-ஆம் ஆண்டிலேயே அவர், தசையிழையைச் சூழ்ந்த மெல்லிய உறை உடைந்து அழிந்திருப்பதைக் கண்டு குறித்து வைத்தார். அதன்பின் 1860-களில் பிரெஞ்சு வைத்தியர் டுஷென் விரிவாக எழுதவே, நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது. உறைதான் உடைகின்றது என்ற மெரியனின் கூற்றோ, காரணம் விளங்காமல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்துக் கிடந்தது. 1986-இல் அமெரிக்க நாட்டில் லூயி குங்கெல் என்பவரின் ஆய்வுக்கூடத்தார் அந்நோய்க்குரிய மரபணுவைக் கண்டனர். மறு ஆண்டில், அம்மரபணுவின்படி உருவாகும் புரதத்தைக் கண்டு அதற்கு டிஸ்ட்ரோஃபின் என்று பெயரிட்டனர். மனித மரபணுக்களுள் மிக நீண்டவற்றுள் ஒன்று இது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்களால் ஆகிய பெருநூல். அத்துணைப் பெரிய நூலிலிருந்து உண்டாகும் புரதமோ, தசையிலுள்ள மொத்தப் புரதத்தில் லட்சத்தில் இரண்டு பங்கு அளவே. அந்த இரண்டு பங்கு இல்லாமற்போனால் மற்றப் பங்கு முழுவதும் சிதைந்துபோகின்றது.

அஃது எங்ஙனம் என்பதை எங்கள் பக்கத்துக் கவலை ஏற்றத்தைக் கொண்டு விளக்கலாம். மின்சார எந்திரம் வருமுன் கிணற்றிலிருந்து நீர் இறைக்க எருதுகளைப் பூட்டி இழுப்பித்ததை முதியோர் கண்டிருப்பர். எருதுகள் வடக்கயிற்றை இழுக்கும். கயிற்றின் மறுமுனையில் நீர் நிறைந்த தோற்பை தொங்கும். கயிற்றை நேரே தோலிற் கட்டினால் இரண்டு இழுப்பில் தோல் கிழிந்துபோகும். ஆதலால் தோலின் வாயில் வளையம் ஒன்றைச் சேர்த்துச் சுற்றிலும் தைத்து, இழுப்பின் பாரம் ஓரிடத்தில் விழாதபடி பரப்பிவிடுவர். தசையிழையினுள்ளே ஆக்டின், மயோசின் என்னும் புரதங்கள் எருதுகளைப்போல இழுக்கின்றன. இழையைச் சூழ்ந்த மெல்லிய உறை அத்தோற்பை. டிஸ்ட்ரோஃபின் என்பது வளையமும் தையலும் ஆகும். அதன் ஒரு முனை உள்ளே ஆக்டினைப் பற்றுகின்றது. மறு முனை உறையில் பதிந்த டிஸ்ட்ரோகிளைகன் என்னும் புரதத்தைப் பற்றுகின்றது. டிஸ்ட்ரோகிளைகன் தன் சர்க்கரைச் சங்கிலிகளால் உறைக்கு வெளியே பரந்துள்ள லாமினின் என்னும் வலையைப் பற்றுகின்றது. சார்கோகிளைகன் என்னும் வேறு நான்கு புரதங்கள் அந்தக் கட்டினை இறுக்கிக் காக்கின்றன. இவ்வாறு உள்ளிருந்து வெளிவரைக்கும் ஒரே பிடியாகத் தசையுயிரணு தன் சூழலோடு ஒட்டி நிற்கின்றது. டிஸ்ட்ரோஃபின் இல்லாத உயிரணுவிலும் எருதுகள் நன்றாகவே இழுக்கின்றன, பிடிதான் இல்லை. ஆகவே, இந்நோயை வலுவின்மை என்று நாம் சொல்லுவது விளைவைப் பற்றிய பேச்சு. நோயின் வேர் ஒட்டாமை.

மாணவர்களுக்கு இங்கே ஒரு செய்தி. டிஸ்ட்ரோஃபினின் நடுப்பகுதி நீண்ட கோல் போன்றது. அக்கோல் ஒரே வகையான 24 மடிப்புத் துண்டுகள் வரிசையாய்ச் சேர்ந்து அமைந்தது. வத்தல்மலைப் பாதையின் வளைவுகளும் 24. இது தற்செயலே, இதிலிருந்து யாதொன்றும் பெறப்படாது. தேர்வுக்குப் படிப்பவர்கள் மறவாதிருக்க உதவுமென்று மட்டும் சொல்லி வைக்கின்றேன்.

அக்கோலின் மடிப்புக்கள் வீணாக அமைந்தவை அல்ல. இழுக்கும்போது சிறிது விரிந்து, விட்டபோது மீண்டும் மடிந்து, உறையின்மேல் விழும் அதிர்ச்சியை அவை ஏற்றுக்கொள்கின்றன. ஆகவேதான், இந்நோயுள்ள எலிகளின் தசையை ஆராய்ந்தவர்கள், சுருங்கும் வேலையைவிட நீளும் வேலையிலேயே உறை மிகுதியாகக் கிழிவதை 1990-களில் எடுத்துக் காட்டினர். நம் மாணவரின் வினாவுக்கும் இந்நோயின் உட்பொருளுக்கும் உள்ள தொடர்பு இதுவே. நமக்கு இரண்டு நாள் வலியாக வருவது, அக்குழந்தைக்கு ஒவ்வோர் இறக்கத்திலும் ஒவ்வொரு படியிலும் மீளாத இழப்பாக வருகின்றது.

கிழிந்த உறையின் வழியே வெளியிலுள்ள கால்சியம் அளவுக்கு மிஞ்சி உள்ளே புகுந்து இழையை அழிக்கின்றது. உள்ளிருக்கும் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி வெளியே கசிந்து இரத்தத்திற் கலக்கின்றது. சாதாரணமாக நூற்றுக் கணக்கில் இருக்க வேண்டிய அதன் அளவு இக்குழந்தைகளிடம் பல்லாயிரமாக உயர்ந்திருக்கும். தோற்பை கிழிந்தது என்பதற்குக் கீழே சிந்திய நீரே சாட்சி. உயிரணுவின் வேலை அத்துடன் முடியவில்லை. இழையின் உறைக்கும் வெளிவலைக்கும் இடையில், வித்துப்போல் உறங்கிக் கிடக்கும் சிற்றுயிரணுக்கள் உள்ளன. 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ அவற்றைக் கண்டார். காயம் நேர்ந்தவுடன் இவை விழித்து, பெருகி, வெளிவலையைப் பற்றிப் பற்றி ஊர்ந்து சென்று, பழுதுபட்ட இழையோடு ஒன்றிக் கலந்து அதைப் புதுப்பிக்கின்றன. ஒட்டவும் வேண்டும், ஒட்டினதை விட்டு நகரவும் வேண்டும்; இரண்டும் முறையாக நடந்தாலன்றிப் பழுது தீராது. டிஸ்ட்ரோஃபின் இவ்வித்தணுக்களுக்கும் வேண்டும். அஃதில்லாதபோது அவை தாறுமாறாகப் பிரிகின்றன என்று 2015-இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் காட்டினர். மேலும், ஓயாத காயத்தால் தசையின் இடையிடையே தழும்புநாரும் கொழுப்பும் நிறைகின்றன. கரடுமுரடான தழும்பிற் சிற்றணுக்கள் ஊர்ந்து செல்ல வழி இல்லை. வைத்தியர்கள் ஆறு வயதிலேயே அக்கறை கொள்ள வேண்டும், பதினாறு வயதில் வந்தால் செய்யக்கூடியது குறைவு என்று சொல்லுவதன் காரணம் இது.

தழும்புநார் என்றதும் ஒரு தமிழரின் பெயர் நினைவுக்கு வருகின்றது. அத்தழும்பின் பெரும்பகுதி கொலாஜென் என்னும் புரதமே. அது மூன்று புரிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய கயிறு போன்றது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1954-இல் உலகுக்கு அறிவித்தவர் ஜி. என். இராமச்சந்திரன், உடனுழைத்தவர் கோபிநாத் கர்த்தா. உடலைக் கட்டி நிறுத்தும் புரதங்களின் வடிவை அறியும் கலையில் நம் நாட்டுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. ஆறாம் வகைக் கொலாஜென் பழுதுபட்டால் வேறொரு தசை நோய் பிறவியிலேயே தோன்றுகின்றது; லாமினின் குன்றினால் மற்றொன்று; சார்கோகிளைகன் குன்றினால் இடுப்பையும் தோளையும் பற்றும் இன்னொன்று. பிடி எந்த இடத்தில் அறுந்தாலும் தசை சிதைகின்றது. ஒட்டும் புரதங்களைப் பற்றிய இவ்வறிவு இத்துணை வளர்ந்திருந்தும், அது நம் பள்ளிக்கூட முற்றத்துக்கு வந்து சேரவில்லை என்பதே என் மனக்குறை. அதையே இனிச் சொல்லப் புகுகின்றேன்.

இந்நோயின் அறிகுறிகள் மறைவானவை அல்ல. கூர்ந்து நோக்கும் கண் உடைய எவரும் காணலாம். தரையில் அமர்ந்த சிறுவன் எழும்போது நேரே எழாமல், குப்புறத் திரும்பி, கைகளை நிலத்தில் ஊன்றி, பின் முழங்காலில் ஊன்றி, பின் தொடையில் ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல் எழுவான். கவர்ஸ் என்னும் வைத்தியர் 1879-இல் விளக்கி எழுதிய குறி இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. கெண்டைக்கால் பருத்துக் காணும். இலத்தீன் மொழியார் தசைக்குச் சிற்றெலி என்று பொருள்படும் பெயர் வைத்தனர்; நம் முன்னோர் காலின் பின்புறத்தில் கெண்டை மீனைக் கண்டனர். இச்சிறுவரிடத்தில் அக்கெண்டை வழக்கத்துக்கு மிஞ்சிக் கொழுத்திருக்கும். உள்ளே தசை குறைந்து கொழுப்பும் நாரும் நிறைந்திருப்பதை அறியாத உறவினர், “பயில்வான் கால்” என்று மெச்சிக் கொள்வதுண்டு. குதிகால் உயர்ந்து நுனிக்காலால் நடப்பதும், வயிற்றை முன்தள்ளி அசைந்து நடப்பதும் மற்றைக் குறிகள்.

இச்சிறுவன் ஒரு தொடக்கப்பள்ளியில் சேருகின்றான் என்று வைத்துக்கொள்வோம். தேகப் பயிற்சி நேரத்தில் அவன் பின்தங்குகின்றான். ஆசிரியர் நல்லவரே, சோம்பலை நீக்கினால் தேறுவான் என்று எண்ணுகின்றார். நம் பள்ளிகளில் சோம்பலுக்கு வழங்கிவரும் மருந்து தோப்புக்கரணம். காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவதில் உட்காரும் பாதி என்ன வேலை? தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் வேலை. மலை இறங்கும் வேலை. அக்குழந்தையின் தசையை எது மிகுதியாகக் கிழிக்குமோ அதையே தண்டனையாக அளிக்கின்றோம். தோற்பையின் தையல் விட்டதற்கு எருதுகளை அடிப்பது போன்றது இது. அடிக்க அடிக்க எருது இழுக்கும், பை மேலும் கிழியும். இது கொடுமையால் நிகழ்வதன்று, அறியாமையால் நிகழ்வது என்பதை ஒப்புகின்றேன். ஆயினும் அறியாமை மன்னிக்கத்தக்க காலம் ஒன்று உண்டு. அஃது 1987-உடன் கழிந்துபோயிற்று என்பது என் கருத்து.

முற்றும் ஓய்வு கொடுத்து மூலையில் உட்காரவைப்பதும் தவறு. குதிகால் நரம்பு இறுகிப் போகாதபடி நாள்தோறும் மெல்ல நீட்டிவிடுவதும், சமதரையில் களைப்பு வராத அளவு நடப்பதும், நீரில் நீந்துவதும் அவனுக்கு நன்மையே. பாரம் தூக்குதல், குதித்தல், படியிறங்கி ஓடுதல் ஆகியவையே ஆகாதவை.

வீட்டுக்கு வருவோம். நோய் இன்னதென்று தெரிந்த அன்றே வீட்டில் விசாரணை ஒன்று தொடங்கிவிடும்; குற்றவாளி பெரும்பாலும் தாய். அவள் கருவுற்றிருந்தபோது என்ன உண்டாள், எங்கே போனாள் என்று கேள்விகள் எழும். கொஞ்சம் படித்தவர்கள் இருந்தால், “சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. அதனால் விளையும் நோய்களும் உள்ளன. அவ்வழக்கத்துக்கு யான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆயினும் டுஷென் நோயில் அத்தீர்ப்புப் பிழை. டிஸ்ட்ரோஃபினின் மரபணு எக்ஸ் என்னும் நிறப்புரியில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அது தாயிடமிருந்து வருவது. தந்தை உறவினராயினும் அயலாராயினும் மகனுக்கு அவர் எக்ஸ் அளிப்பதே இல்லை. ஆகையால் இந்நோயில் திருமண உறவு பொருளற்றது. சார்கோகிளைகன் குறைவால் வரும் நோய் முதலியவற்றிலோ, தாய் தந்தை இருவரும் பழுதான படி ஒவ்வொன்று வைத்திருந்தால்தான் குழந்தைக்கு நோய் தோன்றும்; அங்கே சொந்தத்து மணம் அபாயத்தை உயர்த்துகின்றது என்பது உண்மை. இரண்டையும் ஒன்றாய்க் கட்டிப் பேசுவதால் ஒரு குடும்பத்தில் வீண்பழியும், மற்றொரு குடும்பத்தில் வீண் தைரியமும் உண்டாகின்றன.

தாயிடமிருந்து வருவது என்றேன். இதைக் கேட்டுத் தாயைப் பழிப்பவர் பின்னதையும் கேட்க வேண்டும். இந்நோயுள்ள சிறுவருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் தாய் பழுதான மரபணுவைச் சுமந்தவளே அல்லள். பழுது புதிதாகவே தோன்றியது. அத்துணை நீண்ட நூலைப் பெயர்த்தெழுதும்போது எங்கேனும் பிழை விழுவது இயற்கை. மற்ற மூன்றில் இரண்டு பங்குத் தாயரும் தாம் அறியாமலே சுமந்தவர்கள். அவர்களுக்கு வேண்டுவது பழி அன்று, ஆலோசனை. சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்புப் பாதி. ஒவ்வொரு பெண்ணும் சுமப்பவளாகும் வாய்ப்பும் பாதி. அவளுடைய தங்கையரும் சோதித்துக்கொள்ள வேண்டியவர்கள். சுமப்பவளின் சொந்த இருதயமே பிற்காலத்தில் தளரக்கூடுமாதலால் அவளையும் வைத்தியர் பார்க்க வேண்டும். முதல் மகனுக்கு நோய் தெரியவரும் வயது நான்கு, ஐந்து. அதற்குள் இரண்டாம் மகன் பிறந்துவிடுவது நம் குடும்பங்களில் அரிதன்று. காலந்தாழ்த்தி அறிவதன் விலை அங்கே தெரிகின்றது.

பெண்களுக்கு இந்நோய்க் குடும்பத்தின் தொல்லையே இல்லை என்று எண்ணுவாரும் உளர். சேலத்து வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்னும் உடன்பிறந்த சகோதரியர் இருவரையும் அறிந்தவர்கள் அங்ஙனம் எண்ணமாட்டார்கள். இளமையிலேயே தசைச் சிதைவுக்கு ஆளாகியும், அவர்கள் தம்மைப் போன்றோருக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தோற்றுவித்து நடத்தினர். வானவன் மாதேவி இன்று நம்மிடையே இல்லை. கையைத் தூக்குவதற்கும் பிறர் துணை வேண்டிய நிலையில், பிறருக்குத் துணையாக ஓர் இல்லம் அமைத்தவர்களைப் பற்றி யான் எழுதக்கூடியது சிறிதே. அவர்கள் கேட்டது இரக்கத்தை அன்று. சரிவுப் பாதை உள்ள கட்டடம், ஏறக்கூடிய வண்டி, வைத்தியம், பேச்சுத்துணை இவற்றையே.

இனிச் செலவுப் பேச்சு. மருந்து உண்டா என்பதே பெற்றோர் முதலிற் கேட்பது. ஸ்டிராய்டு மருந்துகள் உண்டு. வைத்தியர் மேற்பார்வையில் உட்கொண்டால் நடை சில ஆண்டுகள் நீடிக்கின்றது. எலும்புத் தளர்வு, உடல் பருத்தல் முதலிய தீங்குகளும் அவற்றால் உண்டு. இருதயத்துக்கும் மூச்சுக்கும் காலத்தில் துணை செய்தால் ஆயுள் நீளுகின்றது. முன்பு இருபதைத் தாண்டாதவர்கள் முப்பதையும் காண்கின்றனர். இவை எளிய செலவினவே. மரபணுவையே உட்செலுத்தும் சிகிச்சை 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. விலை முப்பது லட்சம் டாலருக்கு மேல். அச்சிகிச்சையின் வரலாறு சுவையுடையது. டிஸ்ட்ரோஃபினின் மரபணு எந்த ஊர்தி வைரசினுள்ளும் அடங்காது. ஆனால் 1990-இல் பிரிட்டனில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தவர்கள், அப்புரதத்தின் பாதிக்குச் சற்றுக் குறைந்த பகுதி இல்லாமலே ஒரு முதியவர் 61 வயதில் நடந்துகொண்டிருக்கக் கண்டனர். இரு முனைப் பிடியும் இருந்தால் நடுக்கோல் குறுகினாலும் ஒருவாறு தாங்கும் என்று அதனால் தெளிந்தது. அக்குறுக்கிய வடிவமே இன்றைய சிகிச்சை. ஆயினும் 2025-இல் நடக்க இயலாத இளைஞர் இருவர் அச்சிகிச்சைக்குப் பின் கல்லீரல் செயலற்று உயிர் நீத்தனர். அதன்பின் நடக்க இயலாதவர்களுக்கு அஃது அளிக்கப்படுவதில்லை.

நம் நாட்டிற் சில பெற்றோர் கோடிக் கணக்கில் பணம் திரட்டப் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுப்பதை நாம் காண்கின்றோம். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தன் பிள்ளை எனில் யானும் அதையே செய்வேன். ஆனால் பொதுப்பணத்தை எங்கே முதலிற் செலவிடுவது என்று என்னைக் கேட்டால், எவ்விதத் தயக்கமுமின்றிச் சொல்வேன்: நடை நீடிக்கச் செய்யும் எளிய மருந்தும், இருதயச் சோதனையும், சக்கர நாற்காலியும், மூச்சுக்கருவியும் ஒவ்வொரு குழந்தைக்கும் தவறாமல் கிடைத்தபின் மற்றவை. ஒரு குழந்தைக்கு ஆகும் அப்பெருந்தொகையில் ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் இவற்றைச் செய்யலாம். இதை மறுப்பவர்கள், விலை குறையும்வரை வாங்கிக்கொண்டே இருந்தாற்றான் ஆராய்ச்சி வளரும் என்பர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் காத்திருக்கும் குழந்தை ஆண்டுக்கு ஆண்டு நடை இழக்கின்றது.

சட்டம் பின்தங்கி நிற்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எண்ணிச் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளுள் தசைச் சிதைவும் ஒன்று. தமிழ்நாட்டு அரசு இந்நோயாளருக்கு மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தருகின்றது. தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. வேலூருக்கும் சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் சென்றால் மரபணுச் சோதனைக்கு வழி கிடைக்கும். இடையில் அறுந்திருப்பது ஒன்றே: வத்தல்மலைச் சிற்றூரின் வாசலிலிருந்து மலையடி வரையுள்ள பிடி. அக்குழந்தையை 24 வளைவுகளையும் இறக்கிக் கொண்டுவர வேண்டும் என்பது முதலில் எவருக்கேனும் தோன்ற வேண்டும். தோன்றக்கூடியவர் அங்கன்வாடிப் பணியாளரும் பள்ளி ஆசிரியருமே. நம் கல்லூரியிற் பட்டம் பெறுவோரில் பலர் ஆசிரியத் தொழிலுக்கே செல்கின்றனர். ஆதலால் இதை இம்மலரில் எழுதுகின்றேன். சிறுவன் எழும் விதத்தைக் கவனிப்பதற்கு ஒரு நிமிடமே ஆகும். ஐயம் தோன்றினால் வேண்டிய இரத்தச் சோதனையின் செலவு மிகக் குறைவு. ஒரு செய்தியை மட்டும் பெற்றோரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். தசை சிதையும்போது கல்லீரலுக்குரியவையென்று கருதப்படும் நொதிகளும் இரத்தத்தில் உயரும். அதைக் கண்டு காமாலை மருந்து கொடுத்துக் காலம் கடத்திய குடும்பங்கள் உண்டு. கிரியேட்டின் கைனேஸையும் பார்க்கச் சொல்லிக் கேட்டால் அம்மயக்கம் தீரும். அறுவைச் சிகிச்சை எதுவாயினும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் நோயை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில மயக்க மருந்துகள் இத்தசைக்கு நஞ்சாகும்.

வருகின்ற விடுமுறையில் மீண்டும் வத்தல்மலைக்குச் செல்வதாக இருக்கின்றோம். இம்முறை கையில் ஒரு துண்டுத்தாள் கொண்டு செல்ல எண்ணம். சிறுவன் தரையிலிருந்து எப்படி எழுகின்றான், ஓட்டத்தில் தன் வயதினருக்கு ஈடுகொடுக்கின்றானா, கெண்டைக்கால் பருத்திருக்கின்றதா என்னும் மூன்று வினாக்களும், எங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்னும் விடையும் அதில் இருக்கும். தோப்புக்கரணத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்கும். தொடைவலியால் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்த அம்மாணவரே அதை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார். பிழை திருத்தும் வேலை என்னுடையது.